‘த டெவில் டு பே’, ‘பை அண்ட் லார்ஜ்’: இந்தக் கப்பல்காரர் மரபுத்தொடர்கள் எங்கிருந்து வந்தவை?

கருங்குயில்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறிய பதிப்பகத்துக்காகப் பழைய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பலில் தச்சு வேலை பார்த்த ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்புகள். மனிதர் அலங்காரம் இல்லாமல் நேராகப் பேசுகிறார், படிக்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் பக்கத்துக்கு ஒரு மரபுத்தொடராவது வந்துவிடுகிறது. அகராதியைப் பார்த்தால் பொருள் கிடைக்கிறது. அந்தப் பொருளை மட்டும் எழுதினால் கப்பல் காணாமல் போய், தச்சரும் ஒரு அலுவலக குமாஸ்தா மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறார்.

இப்போது நான் நிற்கும் இடங்கள் இவை. கரைக்குப் போன ஒரு மாலுமி ‘த்ரீ ஷீட்ஸ் இன் த விண்ட்’ நிலையில் திரும்பி வருகிறான். குடித்திருக்கிறான் என்று தெரிகிறது. மூன்று ஷீட் என்ன? கப்பலில் ஓட்டை தெரிந்ததும் தச்சர் ‘த டெவில் டு பே அண்ட் நோ பிட்ச் ஹாட்’ என்கிறார். பேய்க்குப் பணம் கொடுப்பதற்கும் கீல் (தார் மாதிரியான பூச்சு) காய்ச்சுவதற்கும் என்ன உறவு? ஒரு கப்பலை மெச்சும்போது ‘பை அண்ட் லார்ஜ்’ என்கிறார். மூன்று சின்னச் சொற்கள்தான், ஆனால் எப்படிப் பிரித்தாலும் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. இன்னும் ‘டேக்கன் அபேக்’, ‘டு த பிட்டர் எண்ட்’ இரண்டும் இருக்கின்றன.

எனக்கு வேண்டியது பொருள் மட்டும் இல்லை. இதைச் சொல்லும்போது அந்தத் தச்சர் கண்முன் என்ன காட்சி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். இணையத்தில் தேடினால் ஒரு தொடருக்கு நாலு கதை வருகிறது. எதை நம்புவது? அடிக்குறிப்புப் போட அனுமதி உண்டு, ஆனால் கொஞ்சமாகத்தான்.

வைகைக்கரை:

சகோதரி, இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ‘நல்ல போதை’, ‘மொத்தத்தில்’, ‘திடுக்கிட்டான்’, ‘கடைசிவரை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாசகருக்குக் கதைதான் வேண்டும்.

மற்றபடி இந்த மாதிரித் தொடர்களில் பாதிக்கு மேல் கப்பலில் பிறந்தவைதான். பூனையைச் சுழற்ற இடமில்லை என்பார்களே, அது ஒன்பது வார் சவுக்கைச் சுழற்ற மேல்தளத்துக்குக் கீழே இடம் போதாது என்பதிலிருந்து வந்தது. அந்தச் சவுக்குக்குப் பூனை என்று பெயர். பித்தளைக் குரங்கும் நடுங்கும் குளிர் என்பதும் அப்படித்தான். பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைக்கும் பித்தளைத் தட்டின் பெயர் குரங்கு. கடுங்குளிரில் பித்தளை சுருங்கிக் குண்டுகள் உருண்டு விழும். எல்லாவற்றையும் தொகுத்த பட்டியல்கள் நிறையவே கிடைக்கும்.

சுக்கான்:

கருங்குயில் தங்கச்சிக்கு வணக்கம். நான் தூத்துக்குடிப் பக்கம். சரக்குக் கப்பல்களில் மேல்தள வேலையில் சேர்ந்து போசன், அதாவது மேல்தள ஆட்களுக்குத் தலைவன், ஆகி ஓய்வு பெற்றவன். என் தாத்தா தோணிக்குக் கலப்பத்துப் பார்த்தவர், அதாவது பலகை இடுக்குகளை அடைப்பவர். அதனால் உங்கள் தச்சர்மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது. நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஷீட். ஆங்கிலம் படித்தவர்கள்கூட அதைப் பாய் என்று நினைத்துவிடுவார்கள். கப்பல்காரர் பேச்சில் ஷீட் என்பது கயிறு. பாயின் கீழ் மூலையில் கட்டி, காற்றுக்குத் தக்கபடி இழுத்தும் தளர்த்தியும் பாயை அடக்கி வைத்திருக்கும் கயிறு. எங்கள் பக்கத்தில் தாமான் என்பார்கள். அது கையை விட்டுப் போனால் என்ன ஆகும் தெரியுமா? பாய் விறைப்பு இழந்து படபடவென்று அடித்துக்கொள்ளும். கயிற்று நுனி சாட்டை மாதிரி சுழலும், பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. காற்று இருந்தும் கப்பலுக்கு இழுவை இருக்காது. ஒன்று போனாலே இந்தக் கதி. மூன்று தாமான் அவிழ்ந்து காற்றில் ஆடினால் கப்பல் இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, நேராகப் போகவே போகாது. சாராயக் கடையிலிருந்து வருகிறவனின் நடை அதுதான். அந்தக் கால மாலுமிகள் லேசாக ஏறியிருந்தால் ‘ஒரு ஷீட்’ என்பார்கள், மூன்று என்றால் முழுப் போதை. உங்கள் நூலில் ‘இன் த விண்ட்’ என்று இருக்கிறது பாருங்கள், அதுதான் பழைய வடிவம். இப்போது பரவலாகச் சொல்லும் ‘டு த விண்ட்’ பிறகு வந்தது. தச்சர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

அடுத்து ‘பை அண்ட் லார்ஜ்’. இது எனக்கு மிகவும் பிடித்தது. ‘பை’ என்றால் ‘பை த விண்ட்’, அதாவது காற்று வரும் திசையை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி ஓடுவது. குறுக்குப் பாய் கட்டிய அந்தக் காலக் கப்பல் காற்றுக்கு நேரே போக முடியாது. திசைகாட்டியை 32 பாகமாகப் பிரித்தால் ஆறு பாகம் தள்ளித்தான் போக முடியும், அதாவது ஏறக்குறைய 67 டிகிரி. ‘லார்ஜ்’ என்பது இதற்கு நேர்மாறு. காற்று பக்கவாட்டையும் தாண்டிப் பின்னாலிருந்து வரும், கயிறுகளைத் தளர்த்திவிட்டுத் தாராளமாக ஓடலாம். சில கப்பல்கள் பின்காற்றில் பறக்கும், எதிர்க்காற்றில் முரண்டு பிடிக்கும். சிலது அதற்கு எதிர். இரண்டிலும் நன்றாக ஓடுகிற கப்பல்தான் ‘பை அண்ட் லார்ஜ்’ நல்ல கப்பல். எதிர்க்காற்று, பின்காற்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ற அந்தப் பொருளிலிருந்துதான் ‘மொத்தத்தில்’ என்று கரைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் தச்சர் கப்பலைத்தானே மெச்சுகிறார்? அப்படியானால் அவர் சொல்வது மரபுத்தொடரே இல்லை, நேரடிப் பொருள். ‘எதிர்க்காற்றோ பின்காற்றோ, கெட்டிக்காரக் கப்பல்’ என்று எழுதுங்கள்.

‘டேக்கன் அபேக்’ இதோடு ஒட்டிய விஷயம். காற்றை நெருங்கி ஓடும்போது சுக்கான் பிடிப்பவனுக்கு ‘ஃபுல் அண்ட் பை’ என்று கட்டளை கொடுப்பார்கள். பாய் நிறைந்திருக்கவும் வேண்டும், காற்றை ஒட்டியும் போக வேண்டும். அவன் கொஞ்சம் அசந்துபோய் முன்பக்கத்தை அதிகமாகத் திருப்பிவிட்டாலோ, காற்று திடீரென்று திசை மாறினாலோ, பாயின் முன்பக்கத்தில் காற்று அறையும். பாய் பாய்மரத்தோடு பின்னுக்கு ஒட்டிக்கொள்ளும். முன்னே போய்க்கொண்டிருந்த கப்பல் நின்று, பின்னுக்கு நகர ஆரம்பிக்கும். பாய்மரம் பின்னிருந்து வரும் காற்றைத் தாங்கும்படி கட்டப்பட்டது. முன்னிருந்து பலமாக அறைந்தால் முறிந்தே போகலாம். தூங்குகிறவர்களும் எழுந்து ஓடி வர வேண்டிய நேரம். இன்றைக்கு ஒருவர் ‘அவர் பேச்சைக் கேட்டு டேக்கன் அபேக் ஆகிவிட்டேன்’ என்றால் லேசான ஆச்சரியம். உங்கள் தச்சர் வாயில் அது அவ்வளவு லேசாக இருந்திருக்காது. வெறும் ‘வியந்தேன்’ என்று போட்டுவிடாதீர்கள்.

‘பிட்டர் எண்ட்’ இன்றைக்கும் கப்பலில் புழங்கும் சொல். பழைய கப்பலில் நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்ட மேல்தளத்தில் கனமான மரக்கட்டைகள் இருக்கும், அவற்றுக்குப் பிட்ஸ் என்று பெயர். அந்தக் கட்டையைச் சுற்றிய வடத்தின் உள்பக்கத்து முனைதான் பிட்டர் எண்ட். நங்கூரம் போட்டு வடத்தை விட்டுக்கொண்டே போனால், அந்த முனை வந்ததும் விடுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. நான் வேலை பார்த்த கப்பல்களில் வடத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலி, 27.5 மீட்டர் ஒரு ஷேக்கிள் என்று கணக்கு. சங்கிலி அறைக்குள் இருக்கும் கடைசி வளையம் கப்பலோடு ஓர் ஊசியால் பூட்டப்பட்டிருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே நின்றபடியே அந்த ஊசியைத் தட்டிக் கழற்றி, நங்கூரம் சங்கிலி இரண்டையும் கடலுக்கே விட்டுவிடலாம். அந்த இடத்தை நாங்கள் பிட்டர் எண்ட் என்றுதான் சொல்வோம். கசப்பு யார் நினைவுக்கும் வராது.

கடைசியாக டெவில். இது என் தாத்தாவின் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மரக்கப்பலில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். ஆங்கிலேயர் பழைய கயிற்றைப் பிரித்து நாராக்கி, அதை முறுக்கி அந்த இடுக்கில் வைத்து, உளி மாதிரியான இரும்பையும் மரச் சுத்தியலையும் வைத்து அடித்து இறக்குவார்கள். அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கீல் ஊற்றி மூடுவார்கள். பைபிளில் நோவா பேழைக்கு உள்ளும் புறமும் பூசினாரே, அந்தக் கீல்தான். எங்கள் தோணிகளில் திரியை அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். தாத்தா அடிக்கும்போது சத்தத்தை வைத்தே திரி இறுகிவிட்டதா என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் சத்தம் மந்தமாக இருக்கும், இறுகியதும் கணீரென்று மாறும். அதோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் பலகையே விலகிவிடும்.

இடுக்கில் கீல் ஊற்றும் வேலைக்கு ஆங்கிலக் கப்பல்காரர் வைத்த பெயர் ‘பே’. பணம் கொடுப்பதற்கும் அதற்கும் உறவு இல்லை, கீலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். டெவில் என்பது ஓர் இடுக்கின் பெயர். மேல்தளம் கப்பலின் ஓரத்தைத் தொடும் இடத்தில் ஓடும் நீண்ட இடுக்கு. சுத்தியலை ஓங்கி அடிக்க அங்கே வாகு இருக்காது. 1867ல் வெளிவந்த அட்மிரல் ஸ்மித்தின் கப்பல் அகராதியிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. ஆக, அடைக்கவே முடியாத இடுக்கு வாயைப் பிளந்து நிற்கிறது, கீலோ இன்னும் காயவில்லை. கப்பலைக் கரையில் சாய்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் இந்த வேலை பார்க்கும்போது, கடலேற்றம் வந்து தண்ணீர் தொடுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் கீல்சட்டி ஆறிக் கிடந்தால் தச்சனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏட்டறை:

சுக்கான் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். கயிறும் பாயும் பற்றி அவர் சொல்வதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவள், பழைய அச்சுச் சான்றுகளைத் தேடிப் பார்ப்பதில் ஈடுபாடு உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

‘பை அண்ட் லார்ஜ்’ உறுதியாகவே கடலில் பிறந்ததுதான். 1669ல் சாமுவேல் ஸ்டர்மி மாலுமிகளுக்காக எழுதிய கையேட்டிலேயே கப்பலைக் கையாளும் முறையாக வருகிறது. பொதுப் பொருள் அதற்குப் பிறகுதான். இதில் தயக்கமே வேண்டாம்.

‘பிட்டர் எண்ட்’ அப்படி இல்லை. 1627ல் கேப்டன் ஜான் ஸ்மித் (வர்ஜீனியாவில் குடியேற்றம் அமைத்தாரே, அவரேதான்) எழுதிய கடல் நூலில் வடத்தின் உள்முனை என்ற விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதற்கும் முன்பே, 1611ல் வந்த ஆங்கில பைபிளில், நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரத்தில், தீயவளின் முடிவு கசப்பாக இருக்கும் என்ற வசனம் உண்டு. நம் தமிழ் பைபிளில் ‘எட்டியைப்போலக் கசப்பும்’ என்று வரும் இடம். ஆங்கிலேயர் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த மொழி அது. ‘கடைசிவரை போராடுவோம்’ என்று கரையில் சொன்னவர்கள் மனத்தில் வடம் இருந்ததா, வசனம் இருந்ததா? இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் போயிருக்கலாம். வடத்தை மட்டுமே காரணம் காட்டி அடிக்குறிப்பு எழுதினால் அது பாதி உண்மைதான்.

டெவில் விஷயத்தில் எனக்கு வலுவான மாற்றுக் கருத்து உண்டு. ‘டெவில் டு பே’ என்ற தொடர் 1500ஐ ஒட்டிய காலத்துப் பாடலிலேயே இருக்கிறது. அங்கே கப்பல் இல்லை. பிசாசோடு ஒப்பந்தம் போட்டவன் ஒருநாள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்ற பழைய கிறிஸ்தவ நம்பிக்கைதான் அதன் வேர். ‘கீல் காயவில்லை’ என்ற வால் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. ஏற்கெனவே இருந்த தொடரைக் கேட்ட மாலுமிகள், தங்கள் தொழிலில் ‘பே’ வேறு பொருளில் இருப்பதைப் பார்த்து, சிலேடையாக வாலை ஒட்டினார்கள் என்றே நினைக்கிறேன். ‘பேய்க்கும் ஆழ்கடலுக்கும் நடுவே’ என்ற தொடரையும் அந்த இடுக்கோடு கட்டிப்போடுவார்கள், ஓரத்தில் தொங்குகிறவன் இடுக்குக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறான் என்று. ஆனால் அதன் பழைய சான்று 1637ல் ராபர்ட் மன்ரோ என்ற ஸ்காட்லாந்துப் படைவீரர் எழுதியது. முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னருக்காகத் தரையில் நின்று போரிட்டவர். எதிரியின் குண்டும் விழுகிறது, தம் பக்கத்துப் பீரங்கிக் குண்டும் தூரம் போதாமல் தம்மேலேயே விழுகிறது, அந்த நிலைக்கு அவர் சொன்ன உவமை அது. நம் இருதலைக்கொள்ளி எறும்புதான். கப்பல் இடுக்கு அங்கே எங்கே வந்தது?

வைகைக்கரை சொன்ன இரண்டுமே பட்டியல்களில் மட்டும் உயிர்வாழும் கதைகள். பூனையைச் சுழற்ற இடமில்லை என்ற தொடர் 1665லேயே, கொள்ளைநோய் பற்றிய லண்டன் நூல் ஒன்றில் வருகிறது. ஊரார் சொல்வழக்கு என்றே அங்கே குறிப்பும் இருக்கிறது. ஒன்பது வார் சவுக்குக்குப் பூனை என்ற பெயர் அச்சில் முதலில் தென்படுவது 1695ல், ஒரு நாடகத்தில். பிள்ளை பிறந்து முப்பது ஆண்டு கழித்துத் தாய் பிறந்ததாகச் சொல்ல முடியாது. சவுக்குப் பெயர் அச்சேறாமல் மாலுமிகள் வாயில் முன்பே இருந்திருக்கலாம் என்று வாதிடலாம்தான், ஆனால் அது வெறும் ஊகம்.

பித்தளைக் குரங்குக்கு அச்சுச் சான்றுகூட வேண்டாம், கணக்குப் போட்டாலே போதும். பித்தளையும் இரும்பும் சுருங்கும் அளவில் வித்தியாசம் மிகச் சிறியது. ஒரு மீட்டர் நீளத் தட்டு 50 டிகிரி குளிர்ந்தாலும் இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட வராது. குண்டு உருண்டு விழ அது எப்படிப் போதும்? போர்க்கப்பலில் குண்டுகளைத் துளையிட்ட மரச் சட்டங்களில்தான் வைத்தார்கள். ஆடும் கப்பலில் கோபுரம் மாதிரி அடுக்கிவைக்க முடியுமா என்று சுக்கான் ஐயாவையே கேளுங்கள். இன்னொன்று, 1847ல் ஹெர்மன் மெல்வில் எழுதிய தென்கடல் நூலில் இதே பித்தளைக் குரங்கு வருகிறது, ஆனால் வெயிலில்! பித்தளைக் குரங்கின் மூக்கே உருகும் சூடு என்கிறார் ஒருவர். குளிரில் சுருங்கும் தட்டுதான் மூலம் என்றால் சூட்டில் உருகும் மூக்கு எங்கிருந்து வந்தது? பித்தளையில் செய்த சாதாரணக் குரங்குப் பொம்மைதான் அவர்கள் கண்முன் இருந்திருக்கிறது.

தலைகீழாகப் போனதும் ஒன்று உண்டு. ‘இன் த டோல்ட்ரம்ஸ்’ என்றால் சோர்ந்து கிடப்பது. நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்றே இல்லாத கடற்பகுதியின் பெயரிலிருந்து வந்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் சோர்வு என்ற பொருள்தான் முந்தியது. காற்றில்லாமல் கிடக்கும் கப்பலை அந்தச் சொல்லால் குறித்தார்கள், பிறகு அதுவே அந்தக் கடலின் பெயராகிப் போனது.

சுக்கான்:

அம்மா சொன்ன ஆண்டுக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆடும் கப்பலில் எதையும் கோபுரமாக அடுக்க முடியாது என்பதற்கும் என் சாட்சி உண்டு. பூட்டாமல் கட்டாமல் வைத்த தேநீர்க் கோப்பைகூட நிற்காது.

ஆனால் டெவில் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். தங்கச்சி மொழிபெயர்ப்பது 1500ஆம் ஆண்டுப் பாடலை இல்லையே? கப்பல் தச்சர் ஒருவரின் பேச்சை. அவர் கையில் கலப்பத்து இரும்பு இருக்கிறது, எதிரே ஓட்டை இருக்கிறது, கீல்சட்டியும் இருக்கிறது. அந்தத் தொடர் எந்த ஊரில் பிறந்திருந்தாலும், அவர் வாய்க்கு வரும்போது அது இடுக்காகத்தான் வந்திருக்கும். தொடர் பிறந்த இடம் வேறு, சொல்கிறவன் மனத்தில் இருப்பது வேறு. அடிக்குறிப்பில் அம்மா சொன்னதைப் போடுங்கள், வாக்கியத்தில் நான் சொன்னதைப் போடுங்கள். ‘பிட்டர் எண்ட்’ அவர் எங்கே சொல்கிறார் என்று பாருங்கள். நங்கூரப் பேச்சு நடக்கும் இடம் என்றால் வடம். கரையில் வழக்கு, சண்டை என்று பேசும் இடம் என்றால் வசனத்தின் கசப்பும் இருக்கலாம்.

அப்புறம், உங்கள் நூலில் யாராவது ஒரு கிழவியைக் ‘கேட்டமரான்’ என்று திட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். நம் கட்டுமரம்தான் அது. சோழமண்டலக் கரையில் பார்த்துவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றி எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே சொல் சண்டைக்காரப் பெண்பிள்ளைக்கும் வசைச் சொல்லாகிவிட்டது. அலையில் அவ்வளவு பணிவாக ஏறி இறங்கும் மரத்துக்கு இந்தப் பெயரா என்று எனக்கு வருத்தம்தான்.

வைகைக்கரை:

பித்தளைத் தட்டுக் கதையை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், அந்த அரை மில்லிமீட்டர் கணக்கு யாருமே சொன்னதில்லை. சுக்கான் அண்ணாச்சி, ‘கிவ் எ வைட் பெர்த்’ என்பதும் உங்கள் பக்கத்துச் சரக்குதானே? ரயிலில் படுக்கை மாதிரி ஏதாவதா?

சுக்கான்:

படுக்கை இல்லை தம்பி. நங்கூரம் போட்ட கப்பல் ஒரே இடத்தில் நிற்காது. நீரோட்டம் மாறினால், காற்று மாறினால், நங்கூரத்தை நடுவாக வைத்துச் சுற்றும். அந்தச் சுற்றுக்கு வேண்டிய இடம்தான் பெர்த். சங்கிலியை எவ்வளவு நீளமாக விட்டிருக்கிறானோ அவ்வளவு பெரிய வட்டம். பக்கத்தில் போகிறவன் கப்பல் இப்போது நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வான், அது திரும்பினால் எதுவரை வரும் என்று பார்த்து ஒதுங்க வேண்டும். ஒரு ஆளிடமிருந்து ஒதுங்கி நடப்பதற்கும் அதையே சொல்கிறார்கள். இதற்கு எங்கள் வேலையே சாட்சி, நங்கூரக் காவலில் நின்ற எவனையும் கேட்டுப் பார்க்கலாம்.

கருங்குயில்:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. சுக்கான் அண்ணாச்சிக்கும் ஏட்டறை அம்மாவுக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள்.

கப்பலை மெச்சும் இடம்: ‘எதிர்க்காற்றோ பின்காற்றோ, சொன்னபடி கேட்கிற கப்பல்.’ அண்ணாச்சி சொன்னதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், தச்சரின் பேச்சு இன்னும் எளிமையானது. இதே தொடரை நூலின் பிற்பகுதியில் கேப்டனின் மனைவி ஊர்க்கதை பேசும்போதும் சொல்கிறாள், அங்கே ‘மொத்தத்தில்’ என்றே விட்டுவிடுகிறேன்.

குடிகாரன் வரும் இடம்: ‘மூன்று தாமானும் அவிழ்ந்த கப்பல் மாதிரி வந்து சேர்ந்தான்.’ தாமானுக்கு முதல் அத்தியாயத்திலேயே பாய் கட்டும் காட்சியில் விளக்கம் வந்துவிடும்படி செய்கிறேன், அடிக்குறிப்பு மிச்சம். அடுத்த வரியிலேயே சாராய வாடை வருவதால் பொருள் புரியாமல் போகாது.

ஓட்டை தெரியும் இடம்: ‘பேய்ச்சந்து வாயைப் பிளந்து நிற்கிறது, கீல்சட்டி இன்னும் அடுப்பேறவில்லை.’ அந்த இடுக்குக்குப் பேய்ச்சந்து என்று நானாக வைத்த பெயர். தொடர் கடலுக்கு முந்தியது, வால் மட்டும் கப்பல்காரர் ஒட்டியது என்று ஏட்டறை அம்மா சொன்னதை இரண்டே வரியில் அடிக்குறிப்பாகப் போடுகிறேன்.

‘பிட்டர் எண்ட்’ வரும் இடத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். சம்பளப் பாக்கிக்காகக் கப்பல் முதலாளிமேல் வழக்குப் போடும் அத்தியாயம். நங்கூரம் பக்கத்தில் எங்குமே இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பத்தியில் அவர் மாதா கோவிலுக்குப் போய்விட்டு வருகிறார். ‘கசந்தாலும் கடைசிவரை’ என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

ஏட்டறை:

எழுதலாம். கசப்பும் இருக்கிறது, கடைசி முனையும் இருக்கிறது. இதற்கு அடிக்குறிப்பே வேண்டாம். ஆனால் ‘மாதா கோவில்’ என்பதை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஆங்கிலேயத் தச்சர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர் என்றால் ‘தேவாலயம்’ என்று எழுதுவதே சரி.

சுக்கான்:

பேய்ச்சந்து நன்றாக இருக்கிறது தங்கச்சி. ‘அடுப்பேறவில்லை’ என்பதும் எங்கள் ஆட்கள் பேசுவது மாதிரியே இருக்கிறது. ஓட்டை அடைக்கும் அத்தியாயம் முழுவதும் முடிந்ததும் இங்கே போடுங்கள். எந்தக் கருவியை முதலில் எடுப்பார்கள், எதை அடுத்து எடுப்பார்கள் என்ற வரிசை மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.